நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ஒரே நாளில்: காரா, ரயிலா?

விடுமுறைக்குத் திருநெல்வேலி வருகிறீர்கள். கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா, ஒன்பது வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். ஒரு நாளில் திருச்செந்தூர் போய்க் கடலும் கோயிலும் பார்த்துத் திரும்ப வேண்டும். கார் பிடிப்பதா, ரயிலா, வழியில் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களையும் மணப்பாடு என்ற கடலோர ஊரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரயிலில் போங்கள். வேறு ஊர் எதையும் சேர்க்க வேண்டாம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், இந்தத் தடத்தில் சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த அக்கா குடும்பத்தைக் காரில் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினேன். திருச்செந்தூர்க் கடற்கரையை அடைந்தபோது பிள்ளைகள் இரண்டும் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள். எழுப்பியதும் அழுகை. அக்காவுக்குக் கோயிலில் நின்றதைவிடக் காரில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அதற்கு அடுத்த வருடம் அதே பிள்ளைகளை பாசஞ்சர் ரயிலில் கூட்டிப்போனேன். இன்றைக்கும் அவர்கள் பேசுவது அந்த ரயிலைப் பற்றித்தான்.

முதலில் வண்டி விவரம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பாசஞ்சரில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். இது ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்காக எங்காவது கொஞ்சம் நிற்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் வண்டிதான் உங்களுக்குச் சரி. நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பதிவு தேவையில்லை, சாதாரண டிக்கெட்தான். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஆக உங்கள் பையனுக்கு இலவசம், பெண்ணுக்கு அரை. எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தாலும் கார் வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த மாதிரிக் குறைந்த தூர டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்காக அரை மணி நேரம் முன்னதாகவே ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். எந்த பிளாட்பாரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மெதுவாகப் போகலாம். கடைசி நேரத்தில் பாலத்துப் படிகளில் ஏறி இறங்கி ஓடும்படி ஆனால் அவர்களுக்கு அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். வண்டிக்குள் ஏறிவிட்டால் அப்புறம் கவலையில்லை. காலை நீட்டலாம், கொஞ்ச தூரம் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் காரைவிட ரயில் எவ்வளவு நல்லது என்பதை என் அம்மாவை வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

சன்னலோரம், வண்டி போகும் திசைக்கு இடது பக்கமாக இடம் பிடியுங்கள். தாமிரபரணி அந்தப் பக்கம்தான் வரும்.

இந்தப் பாதை 1923இல் போட்டது. மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு கடலுக்குப் போகிற வழியை ஒட்டியே கிட்டத்தட்டப் பாதி தூரம் ரயிலும் போகிறது. ஜங்ஷனை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆற்றுப் பாலம் வரும். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்தத் தண்ணீர் பொதிகை மலையிலிருந்து வருகிறது, நாம் போகிற கடலுக்கேதான் அதுவும் போகிறது என்று. புன்னைக்காயல் பக்கம் அது கடலில் சேர்கிறது, திருச்செந்தூருக்குக் கொஞ்சம் வடக்கே. தாமிரபரணி பெரிய ஆறு ஒன்றுமில்லை, மொத்த நீளமே 130 கிலோமீட்டருக்குள்தான். அதனால்தான் ஒரு சின்னப் பிள்ளைக்கு அதை முழுசாகச் சொல்லிப் புரியவைக்க முடிகிறது.

பாளையங்கோட்டை தாண்டியதும் ஊர் விலகிவிடும். செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஆறு எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரியாது. அதன் பச்சைதான் தெரியும். வாய்க்கால், குளம், வயல், வாழைத்தோட்டம். ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து கடற்கரைப் பக்கத்துக் குளங்கள் வரை தண்ணீர் கொண்டுபோகின்றன. ஸ்ரீவைகுண்டம் வருவதற்கு முன்னால் ஆற்றுப் பக்கமாகத்தான் ஆதிச்சநல்லூர் பரம்பு, அதாவது மேட்டு நிலம், இருக்கிறது. தாழிகளில் மனிதர்களை அடக்கம் செய்த அந்த இடத்தைத் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899இலிருந்து சில வருடங்கள் தோண்டிப் பார்த்தார். உங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது என்றால் இந்தக் கதையைச் சொல்லலாம், கண்கொட்டாமல் கேட்பாள்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது நான் எப்போதும் வெளியே எட்டிப் பார்ப்பேன். 2023 டிசம்பர் 17 அன்று இந்தப் பகுதி முழுக்க மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை இந்த ஸ்டேஷனில்தான் நிறுத்தினார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த நிலையிலும் கோயிலில் வைத்துச் சமைத்து அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டார்கள். பாதையைச் சரிசெய்து ஜனவரியில்தான் மறுபடி வண்டி ஓடியது. சோறு போட்ட அந்த ஊரைக் கடந்துதான் போகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் ஒருமுறையும் போனதில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வருவதாக இருந்தால் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மற்ற மாதங்களில் அந்தப் பயம் வேண்டாம்.

ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் பிறந்த ஊர். அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரத்தை உறங்காப்புளி என்பார்கள். உங்கள் நவதிருப்பதி யோசனையில் ஸ்ரீவைகுண்டமும் இந்த ஊரும் வருகின்றன. அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கோயில்களையும் அவற்றின் நடை திறக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அதற்குக் கார்தான் வசதி.

அதைத் தாண்டியதும் பாதை ஆற்றை விட்டு விலகும். நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர். வாழை குறைந்து பனை கூடும். ஆறுமுகநேரி வந்தால் உப்பளம். கோடையில் போனால் வெள்ளைக் குவியல்களைப் பார்க்கலாம். காற்றின் மணமே மாறியிருக்கும், பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அடுத்தது காயல்பட்டினம், அப்புறம் திருச்செந்தூர். அதோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. காரில் போனாலும் இவற்றில் பல ஊர்களைத் தாண்டித்தான் போவீர்கள், ஆனால் கடைத்தெருவும் வேகத்தடையும்தான் கண்ணில் படும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் பொதிந்த இட்லி, புளியோதரை, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். எங்கள் வீட்டில் திருச்செந்தூர்ப் பயணம் என்றால் இதுதான். செய்துங்கநல்லூர் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மத்தியானத்துக்கு ஊரில் ஓட்டல்கள் இருக்கின்றன, கோயிலில் நாள் முழுக்க அன்னதானமும் உண்டு. தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம்தான், நடந்து போகிறவர்கள் உண்டு. அம்மாவுக்காக ஆட்டோ பிடியுங்கள். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள்.

இனி கோயிலும் கடலும். முருகனின் ஆறு படைவீடுகளில் கடலோரம் இருப்பது இது ஒன்றுதான். அலைவாய் என்பது இதன் பழைய பெயர். கிழக்கே கடல் என்பதால் ஒன்பது நிலை ராஜகோபுரத்தை மேற்கே கட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது, அதற்கு முன்னால் பெரிய அளவில் திருப்பணி செய்து வளாகத்தையே நிறைய மாற்றிவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன்னால் பார்த்த நினைவில் வழி தேடாதீர்கள், அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

வழக்கம் என்னவென்றால் முதலில் கடலில் குளிப்பது, பிறகு நாழிக்கிணறு, அதற்குப் பிறகு சாமி. நாழிக்கிணறு கோயிலுக்குத் தெற்கே. பெரிய கிணறு மாதிரி இறங்கும் பள்ளத்துக்குள் ஒரு சின்னக் கிணறு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் கடலோர மணலில் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்தபடி நிற்கும். முருகன் தன் படைவீரர்களின் தாகம் தீர்க்க வேலால் உண்டாக்கியது என்பது கோயில் கதை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். ஆனால் அம்மாவை அந்தப் படிகளில் இறக்க வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். ஒரு வாளித் தண்ணீர் மேலே கொண்டுவந்து தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இந்த வரிசையை நான் கொஞ்சம் மாற்றுவேன். காலையில் கடலில் கால் மட்டும் நனைத்து, தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டு நேராகத் தரிசனத்துக்குப் போய்விடுங்கள். கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது. பொது வரிசை இருக்கிறது, 100 ரூபாய்ச் சீட்டு வரிசையும் இருக்கிறது. அம்மாவுக்காகச் சீட்டு எடுத்துவிடுங்கள், அது வீண் செலவு ஆகாது. வயதானவர்களுக்குத் தனி வழி அன்றைக்கு இருக்கிறதா என்று வாசலிலேயே விசாரியுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் உங்கள் பையனுக்கும் கழற்ற எளிதான சட்டை போடுங்கள். 2022இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு செல்போனுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஒருவர் பிரிந்துவிட்டால் கூப்பிட முடியாது, ஆகவே எங்கே சேர்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இலையை அப்படியே பத்திரப்படுத்துகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

மத்தியானம் வெயிலில் மணல் சுடும். சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்து எழுந்திருங்கள். நான்கு மணிக்கு மேல்தான் கடற்கரை. கடல் கிழக்கே, சூரியன் மேற்கே, அதனால் கோயிலின் நிழல் மணலில் விழ ஆரம்பிக்கும். அம்மா அந்த நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். கோயிலுக்கு வடக்கே கடலைப் பார்த்திருக்கும் வள்ளி குகை வரை நடக்க நேரமிருந்தால் போங்கள், உள்ளே குனிந்து போகும் வழி குறுகலானது என்பதால் அம்மா வெளியிலேயே இருக்கட்டும்.

கடலில் இறங்குவது பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பார்க்கச் சாதுவாகத் தெரியும் இந்தக் கடலின் அடியில் பாறைகள் இருக்கின்றன. பச்சைப் பாசி படிந்த பாறைகள். அலை வந்து தள்ளும்போது கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால் எலும்பு முறிவுதான். வருடம் முழுக்க இங்கே பக்தர்களுக்கு நடப்பது அதுதான். என் அத்தான் நல்ல உயரமான மனிதர், நீச்சல் தெரிந்தவர். முழங்கால் ஆழத்தில் நின்றவரை ஓர் அலை புரட்டி, பாதத்தில் ஆறு தையல் போட வேண்டி வந்தது. அதனால் பிள்ளைகளை இடுப்புக்கு மேல் விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிற்க வேண்டும், முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கக் கூடாது. மணலாக இருக்கும் இடத்தைப் பார்த்து, ஏற்கெனவே நிறையப் பேர் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். இப்போதெல்லாம் மண் அரிப்பால் கரையின் அமைப்பே மாறிக்கொண்டிருக்கிறது, போன முறை மணலாக இருந்த இடம் இந்த முறை பள்ளமாக இருக்கலாம்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி வந்தால் கடல் உள்வாங்கியிருப்பதைப் பார்க்கலாம். பாறைகள் வெளியே தெரியும், ஆட்கள் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பார்கள். பயப்பட வேண்டாம், சுனாமிக்கு அறிகுறியெல்லாம் இல்லை. அந்த நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இருந்து இழுப்பதால் ஏற்றம் கூடுதலாக ஏறும், வற்றும்போது கூடுதலாக வற்றும். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பி வந்துவிடும். ஆனால் பயம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், பாறையில் ஏறலாம் என்று சொல்லவில்லை. வழுக்கி விழுவது அங்கேதான்.

பௌர்ணமிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அன்றைக்கு ஏராளமானோர் வருகிறார்கள். கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், ஞாயிறு இவையும் கூட்ட நாட்கள். ஐப்பசியில் கந்த சஷ்டி, சூரசம்ஹாரம் சமயத்தில் வயதானவரையும் நான்கு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளில் போய்வருவதை நினைத்தும் பார்க்காதீர்கள். தைப்பூசம், ஆவணித் திருவிழா, மாசித் திருவிழாவும் அப்படியே. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, காலண்டரில் ஒன்றுமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

மணப்பாடு கேட்டிருந்தீர்கள். அழகான ஊர்தான், திருச்செந்தூருக்குத் தெற்கே, குன்றின் மேல் தேவாலயமும் கீழே கடலும். ஆனால் பஸ் பிடித்துப் போய்த் திரும்பினால் உங்கள் சாயங்காலக் கடற்கரை முழுசும் போய்விடும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது ஊரா, இன்னும் இரண்டு மணி நேரம் மணலா என்று.

வாங்கி வர வேண்டியது கருப்பட்டி. பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சன்னிதித் தெருக் கடைகளில் சில்லுக்கருப்பட்டி, சுக்குக்கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் ஓலைக் கொட்டானில் கட்டித் தருவார்கள். சீனி கலந்ததும் நிறைய விற்கிறது. நான் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு இருக்கும், பதநீர் மணம் இருக்கும். வெறும் இனிப்பாக இருந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் நுங்கு, தையில் வந்தால் பனங்கிழங்கு.

திரும்பும் வண்டி திருச்செந்தூரிலேயே புறப்படுவது. அதனால் முக்கால் மணி நேரம் முன்னால் போனால் எல்லோருக்கும் சன்னலோரம் கிடைத்துவிடும். சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே ஸ்டேஷனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வண்டியையும் கேட்டுக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். இரண்டும் தவறினால் நெல்லைக்குப் பஸ் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். மாற்று உடை இரண்டு செட், ஒரு பழைய துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பை, அம்மாவுக்கு மாத்திரை, முதுகுக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை. வேறு சுமை வேண்டாம்.

திரும்பும்போது ஆறு வலது பக்கம். ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் உங்கள் பையன் மடியில் தூங்கிவிடுவான். பெண்ணை மட்டும் ஜங்ஷனுக்கு முன்னால் வரும் பாலம் வரை விழித்திருக்கச் சொல்லுங்கள். காலையில் அவள் பார்த்த அதே தண்ணீர் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள்.